சோகமான பியானோ இசைக்கு டெம்போ பிடிப்பது எப்படி? ஷோப்பனின் ஈ மைனர் பிரிலூடை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பியானோ கற்றுக்கொள்கிறவர்கள் பலரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஷோப்பனின் ஈ மைனர் பிரிலூடைக் (பிரிலூட் என்றால் ஒரு சின்ன இசைத் துண்டு) கையில் எடுத்துவிடுவார்கள். ஓபஸ் 28, எண் 4. ஒரே பக்கம், மொத்தம் 25 பார், அதாவது தாளக் கட்டம். வலது கையில் ஒற்றைச் சுரமாக ஒரு மெட்டு, இடது கையில் திரும்பத் திரும்ப அடிக்கும் மூன்று நோட் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் அடிக்கும் மூன்று சுரங்கள். நோட்டுகளை ஒரு வாரத்தில் கைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கப்புறம்தான் வம்பு: இதை என்ன வேகத்தில், அதாவது என்ன டெம்போவில், வாசிப்பது?

தாளின் தலையில் 'லார்கோ' என்று போட்டிருக்கிறது. இசையோ தொண்டையை அடைக்கிற இசை. கை தானாகவே மெதுவாகிவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் நாள் மெதுவாக வாசித்தேன், சோகம் போதவில்லை என்று பட்டது. மறுநாள் இன்னும் மெதுவாக. ஒரு மாதத்தில் அந்த ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைத் தொட்டுவிட்டது. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "முடிஞ்சிடுச்சா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை விமர்சனமாக எடுத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

வாசிக்கிறவரின் மனசு எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை வைத்து டெம்போவை முடிவு செய்யக் கூடாது. அந்த மெட்டு அறுந்துபோகாமல் எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலை தாள், உங்கள் பியானோ, உங்கள் மூச்சு ஆகிய மூன்றிடமும் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்டு வாங்கிய வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

1. முதலில் தாளைப் படியுங்கள்

லார்கோ என்றால் இத்தாலியில் அகலம், விசாலம். 'முடிந்த அளவு மெதுவாக' என்று அதற்கு அர்த்தம் கிடையாது. வேகத்தைத் தட்டிக் காட்டும் பழைய கோபுர வடிவ மெட்ரோனோமில் லார்கோவுக்கு நேரே நிமிடத்துக்கு 40 முதல் 60 தட்டு வரை என்று அச்சடித்திருப்பார்கள். அது எல்லாருக்கும் பொதுவாக ஒட்டிய லேபிள். எந்த நோட்டுக்கு 40, எந்த நோட்டுக்கு 60 என்று அந்த லேபிள் சொல்லாது.

அதைச் சொல்வது தாளக்குறி. தாளில் 'சி' என்ற எழுத்து மாதிரி ஒரு குறி இருக்கும். அதன் நடுவே செங்குத்தாக ஒரு கோடு இருக்கிறதா என்று பாருங்கள். நம்பகமான பதிப்புகளில் இருக்கும். ஒரு பாரை நாலு க்ரோச்செட்டாக (கால் நோட்டு) எண்ணாதே, இரண்டு மினிமாக (அரை நோட்டு) எண்ணு என்று அந்தக் கோடு சொல்கிறது. நாலாக எண்ணுகிறவர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குத்து குத்துவார், தெரியாமலேயே. இரண்டாக எண்ணினால் அதே வேகத்தில்கூட இசை முன்னால் சாய்ந்து நடக்கும். இந்த ஒரு கோட்டைக் கவனித்ததுமே எனக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, ஷோப்பன் எண்ணாக ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா? இந்தப் பிரிலூடுக்கு இல்லை. ஓபஸ் 10, ஓபஸ் 25 எட்டூடுகளுக்கும் (பயிற்சித் துண்டுகள்) ஆரம்பகால நாக்டர்ன்களுக்கும் (இரவு நேரத்து மென்மையான துண்டுகள்) மெட்ரோனோம் எண் கொடுத்தவர், 1839இல் வெளியான இந்த 24 பிரிலூடுகளுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் முந்தைய எண்களைப் பார்த்தால் அவர் 'மெதுவாக' என்று எழுதும்போது மனசில் என்ன ஓடியது என்று ஓரளவு பிடிபடும். ஓபஸ் 15இன் மூன்றாவது நாக்டர்ன் ஜி மைனரில் இருக்கிறது. மேலே 'லெண்டோ' என்று எழுதி, துவண்டு வாசிக்கவும் சொல்லிவிட்டு, ஒரு முழு பாருக்கு மெட்ரோனோம் 60 என்று போட்டிருக்கிறார். அதாவது விநாடிக்கு ஒரு பார், ஒரு பாரில் மூன்று க்ரோச்செட். க்ரோச்செட்டாக எண்ணினால் நிமிடத்துக்கு 180! அதுதான் அவருடைய 'லெண்டோ'.

இன்னொன்று, ஓபஸ் 10இன் மூன்றாவது எட்டூட், ஈ மேஜர். உருகி உருகி வாசிக்கப்படுகிற ஒன்று. அதன் கையெழுத்துப் பிரதியில் முதலில் 'விவாச்சே', அதாவது துடிப்பாக, என்றுதான் இருந்தது. அப்புறம் 'விவாச்சே, ஆனால் ரொம்ப வேண்டாம்' என்று ஆகி, அச்சில் 'லெண்டோ, ஆனால் ரொம்ப வேண்டாம்' என்று வந்தது. அச்சில் க்வேவருக்கு (அரை க்ரோச்செட்) 100 என்று எண்ணும் இருக்கிறது. இன்று பெரும்பாலானவர்கள் அதைவிட மெதுவாகத்தான் வாசிக்கிறார்கள்.

இதை வைத்து எல்லாவற்றையும் ஓட்டமாக வாசிக்கச் சொல்லவில்லை. அவர் எழுதிய 'மெதுவாக' என்ற சொல்லை நாம் நம்முடைய சோகத்தால் நிரப்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான். போதாததற்குக் கதை வேறு: மயோர்க்கா தீவு, வல்தெமோசா மடம், 1838–39 குளிர்காலம், மழை, இருமல். அந்த நிலையில் அவர் இந்தத் தொகுப்பை முடித்தது உண்மை. ஆனால் அவர் இருமினார் என்பதற்காக மெட்டு மூச்சுத் திணற வேண்டியதில்லை.

2. உங்கள் பியானோவில் ஒரு சுரம் எவ்வளவு நேரம் பாடும்?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வயலினில் வில் இருக்கிறது, புல்லாங்குழலில் காற்று இருக்கிறது. பியானோவில் சுத்தியல் கம்பியை அடித்த அந்தக் கணத்தோடு உங்கள் வேலை முடிந்தது. அப்புறம் அந்தச் சுரம் தேய்ந்துகொண்டேதான் போகும். இந்தப் பிரிலூடின் மெட்டோ நீளமான சுரங்களாலேயே கட்டியது. முதல் மூன்று பாரிலும் நடு 'சி'க்கு மேலே இருக்கும் 'பி' மூன்று க்ரோச்செட் நேரம் நிற்கும். அப்புறம் ஒரு க்ரோச்செட்டுக்கு 'சி'. மறுபடி 'பி', மறுபடி 'சி'. பெருமூச்சு விடுகிற மாதிரி. நாலாவது பாரில்தான் 'பி' அரை படி இறங்கி 'பி ஃபிளாட்' ஆகி, அடுத்த பாரில் 'ஏ'வில் உட்காரும்.

அந்த 'பி' எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். க்ரோச்செட் 60 என்றால் 3 விநாடி. 50 என்றால் 3.6 விநாடி. 40 என்றால் 4.5 விநாடி. இப்போது உங்கள் பியானோவில் உட்கார்ந்து அந்த 'பி'யை மென்மையாக, ஆனால் தெளிவாக ஒரு தரம் அடித்துப் பிடித்திருங்கள். கைபேசியில் விநாடி ஓடட்டும். சத்தம் முழுக்க நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். 'இது இன்னும் பாடுகிறது' என்று சொல்ல முடியாமல் போகிற கணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலால் அழுத்திச் சுரத்தை நீட்டும் பெடலோடு ஒரு தரம், பெடல் இல்லாமல் ஒரு தரம்.

கிடைத்த எண்ணைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டாம். நிஜத்தில் அந்தச் சுரத்துக்கு அடியில் இடது கை ஆறு தரம் கார்டு அடிக்கப்போகிறது. ஒவ்வொரு கார்டும் 'பி'யின் வாலை மூடும். ஆகவே இரண்டாவது சோதனை இடது கையோடு. முதல் இரண்டு பாரை வாசித்து, 'பி'யிலிருந்து 'சி'க்குப் போகிற இடத்தை மட்டும் கேளுங்கள். 'சி', 'பி'யின் மிச்சத்திலிருந்து எழுந்து வருகிறதா, இல்லை புதிதாக ஒருவர் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதா?

எனக்கு இது புரிந்தது வகுப்பில்தான். நான் மெய்மறந்து வாசித்துக்கொண்டிருந்தபோது மிஸ் நடுவே நிறுத்தினார்.

"அந்த 'பி' எங்கே போச்சு?"

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன் மிஸ்."

"விரல் பிடிச்சிருக்கு. சத்தம் போய் ரெண்டு கார்டு ஆச்சு. நீ மனசுக்குள்ளே கேட்டுட்டு இருக்கே."

வாசிக்கிறவருக்கு மெட்டு தெரியும், அதனால் இல்லாத சத்தத்தையும் மனசு கேட்டுக்கொள்ளும். கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குக் கேட்பது ஒரு தட்டு, பிறகு கார்டு கார்டு கார்டு, பிறகு இன்னொரு தட்டு.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, 'பி'யை இன்னும் கொஞ்சம் நிறைவாக அடித்து, கார்டுகளை நன்றாக அடக்கி, 'சி'யை 'பி' தேய்ந்து வந்து நிற்கும் அளவிலேயே தொடுவது. இரண்டு, அதுவும் போதாவிட்டால் டெம்போவைக் கூட்டுவது. என் பழைய அப்ரைட்டில் (நிமிர்ந்து நிற்கும் வீட்டுப் பியானோ) முதல் மருந்தைக் கொடுத்தும் 50க்குக் கீழே மெட்டு அறுந்தது. கம்பிகள் படுக்கைவாட்டில் இருக்கும் ஒரு நல்ல கிராண்டில் அதே இடம் தாராளமாகத் தாங்கியது. டிஜிட்டல் பியானோவில் ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கிறவர்கள் ஒரு தரம் அதைக் கழற்றி, ஸ்பீக்கரில், அறையின் மறுகோடியில் கைபேசியை வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். ஹெட்ஃபோன் உள்ளே எல்லாச் சுரமும் நீளமாகத்தான் தெரியும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். 1849 அக்டோபர் 30 அன்று பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் ஷோப்பனின் இறுதிச் சடங்கு நடந்தபோது இந்தப் பிரிலூடை வாசித்தார்கள், ஆர்கனில். ஆர்கனில் கீயை அழுத்தியிருக்கும்வரை சுரம் தேயவே தேயாது. அந்த 'பி'யை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தலாம். 'சாவு வீட்டு இசை' என்ற நினைப்போடு பியானோவில் இழுக்கிறவர்கள் இல்லாத ஆர்கனை வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

3. இடது கையைத் தனியாக நடக்கவிடுங்கள்

மெட்டு பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அப்படியானால் இந்தப் பக்கத்தில் நகர்வது எது? இடது கை. முதல் கார்டு ஜி–பி–ஈ. அடுத்த பாரில் அடியிலிருக்கும் 'ஜி', 'எஃப் ஷார்ப்'புக்கு இறங்கும். அப்புறம் வேறொரு விரல் அரை படி இறங்கும், அப்புறம் இன்னொன்று. மூன்று பேர் கைகோத்து இருட்டில் படி இறங்குகிற மாதிரி, ஒருவர் ஒரு படி வைத்தால் மற்றவர் நின்று காத்திருக்கிறார். சோகம் முழுக்க இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. குறுகிய படிகளில் இறங்கும் பேஸை (அடிச் சுரங்களை) புலம்பலுக்கு வைப்பது ஷோப்பனுக்கு சுமார் இருநூறு வருடம் முன்பிருந்தே ஐரோப்பிய இசையில் உள்ள வழக்கம். பாக்கின் பி மைனர் மாஸ் என்ற தேவாலய இசையில் சிலுவையில் அறையப்படும் பகுதியும் இப்படித்தான் இறங்குகிறது, அதுவும் இதே ஈ மைனரில். மயோர்க்காவுக்குப் போகும்போது ஷோப்பன் பாக்கின் பிரிலூட்–ஃபியூக் தொகுப்பைக் கூடவே கொண்டுபோயிருந்தார்.

பயிற்சி இது. வலது கையை மடியில் வையுங்கள். இடது கையில் திரும்ப அடிப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, கார்டு மாறும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு தரம் அடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். ஒரு வேகத்தில், தனித்தனிக் கார்டுகளாகக் கேட்டது ஒரே இறக்கமாகக் கேட்க ஆரம்பிக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் டெம்போவின் கீழ் எல்லை அங்கே பக்கத்தில்தான்.

அடுத்து, எடுத்துவிட்ட க்வேவர்களைத் திரும்பப் போடுங்கள். பாருக்கு எட்டு. இப்போது ஒவ்வொரு க்வேவரும் 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்' என்று சொன்னால் ஒன்று கை கனமாக இருக்கிறது, அல்லது வேகம் போதவில்லை. அப்ரைட்டில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. கிராண்டில் கீ முழுக்க மேலே வருவதற்கு முன்பே மறுபடி அடிக்கலாம், அதனால் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்ரைட்டில் கீ கூடுதலாக மேலே எழும்பினால்தான் மறு அடி விழும். மெதுவான வேகத்தில் அந்த இடைவெளி வெளியே தெரியும். விரலைக் கீயிலிருந்து எடுக்காமல், கீ எழும்பும்போது அதன்மேலேயே ஏறி வருவதுதான் வழி. கால் பெடல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெடலைக் கார்டு மாறும் இடத்தில் மாற்றுங்கள், ஒவ்வொரு க்வேவருக்கும் வேண்டாம்.

4. பாடிப் பாருங்கள்

குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கதவைச் சாத்திக்கொண்டு பாடுங்கள். ஷோப்பன் தன் மாணவர்களை நல்ல பாடகர்களைக் கேட்கச் சொல்லி அனுப்பியவர். பியானோவில் தேயும் சுரத்தை நாம் மனசால் நிரப்பி ஏமாற்றலாம், மூச்சை ஏமாற்ற முடியாது.

முதல் நாலு பாரை எடுத்துக்கொள்ளுங்கள். க்ரோச்செட் 60இல் அது 16 விநாடி. 40இல் 24 விநாடி. 16 விநாடியை இரண்டு மூச்சில் சௌகரியமாகப் பாடலாம், கொஞ்சம் பழகினால் ஒரே மூச்சிலும் முடியும். 24 விநாடிக்கு மூன்று நாலு இடத்தில் மூச்சு வாங்க வேண்டிவரும். நீங்கள் வாங்குகிற இடத்தில் எல்லாம் மெட்டு உடையும். பெருமூச்சு மாதிரியான மெட்டு என்று சொன்னேன் இல்லையா? பெருமூச்சுக்கு ஒரு இயல்பான நீளம் இருக்கிறது. அதைத் தாண்டினால் அது வேறு ஏதோ ஆகிவிடும், நாடகம் மாதிரி.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் பரிச்சயம் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. சௌக்க காலத்தில் ஒரு பதம் பாடும்போது கை தாளம் போட, வெறும் இடைவெளியாகத் தெரியாமல் குரல் அதை நிரப்ப வேண்டும். காலப்பிரமாணம் நிற்பது என்று சொல்வது அதைத்தான். ஒரே வித்தியாசம், குரலுக்கு கமகம் இருக்கிறது. பியானோவுக்கு அது இல்லை, அதனால் பியானோவின் சௌக்கம் குரலின் சௌக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாடியே நின்றுவிடும்.

5. 16ஆவது பாருக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள்

எல்லோரும் முதல் பாரில் டெம்போ தேடுகிறார்கள். முதல் பார் எந்த வேகத்திலும் நன்றாகத்தான் இருக்கும். 16ஆவது பாரிலிருந்து 'ஸ்ட்ரெட்டோ' என்று ஷோப்பன் எழுதியிருக்கிறார், நெருக்கிக்கொண்டு முன்னே போ என்று. சத்தம் ஃபோர்ட்டேவுக்கு (பலமாக) ஏறுகிறது. இந்தப் பக்கம் முழுக்க ஃபோர்ட்டே வருவது இங்கே மட்டும்தான். அதுவரை அடக்கி வைத்த ஒருவர் சட்டென்று உடைகிற இடம் இது.

இந்த இரண்டு மூன்று பாரை மட்டும் பத்துத் தரம் வாசியுங்கள். நெருக்கும்போதும் கார்டுகள் சிதறாமல், வலது கை நோட்டுகள் வார்த்தை மாதிரி தெளிவாக இருக்கிற உச்ச வேகம் எது? எனக்கு அது 76 பக்கம் வந்தது. இப்போது பின்னோக்கி யோசியுங்கள். ஆரம்ப டெம்போ 40 என்றால் அங்கிருந்து 76க்கு எகிற வேண்டும், கேட்கிறவருக்கு வேறு ஏதோ பாட்டு தொடங்கிவிட்ட மாதிரி இருக்கும். எகிறாமல் 40இலேயே இருந்தால் ஸ்ட்ரெட்டோ காணாமல் போகும். ஆரம்பமே 70 என்றால் ஏற இடமே இல்லை. நடுவில் 50 முதல் 60 வரை ஒரு ஜன்னல் தானாகத் திறக்கும். முதல் பாரை வைத்து மாதக்கணக்கில் திண்டாடியதை இந்த ஒரு பயிற்சி ஒரு சாயங்காலத்தில் தீர்த்துவைத்தது.

முடிவுப் பகுதியையும் இப்படியே சோதிக்க வேண்டும். 21ஆவது பார் பக்கம் 'ஸ்மோர்ஸாண்டோ', அணைந்துபோகிற மாதிரி. 23ஆவது பாரில் ஒரு விசித்திரமான கார்டு, அப்புறம் ஃபெர்மாட்டா (வழக்கத்தைவிட நீட்டு என்ற குறி) போட்ட மௌனம். கடைசியில் பியானிஸ்ஸிமோவில் (மிக மென்மையாக) மூன்று கார்டு. அந்த மௌனம் இந்தப் பக்கத்தில் மிகப் பெரிய இடம். ஆனால் அதுவரை இசை நகர்ந்துகொண்டே இருந்தால்தான் நின்றது தெரியும். ஏற்கெனவே நின்று நின்று வந்திருந்தால், ஃபெர்மாட்டா இன்னொரு தாமதம் மட்டுமே. வாசித்தவர் அடுத்த கார்டை மறந்துவிட்டாரோ என்றுகூட நினைப்பார்கள்.

6. எண்ணைக் குறுக்குங்கள்

25 பார், பாருக்கு நாலு க்ரோச்செட், ஆக 100. ஷோப்பன் நமக்காகவே கணக்கைச் சுலபமாக்கி வைத்திருக்கிறார். 6000த்தை மெட்ரோனோம் எண்ணால் வகுத்தால் மொத்த விநாடி. 44இல் 2 நிமிடம் 16 விநாடி, 52இல் 1 நிமிடம் 55, 60இல் 1 நிமிடம் 40, 66இல் 1 நிமிடம் 31. முடிவில் உள்ள மௌனத்துக்கும் தளர்வுக்கும் பத்துப் பதினைந்து விநாடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோனோமை க்ரோச்செட்டுக்கு வைக்காதீர்கள். மினிமுக்கு வையுங்கள். 52க்கு மினிம் 26. கோபுர மெட்ரோனோம் 40க்குக் கீழே போகாது, கைபேசிச் செயலிகளில் 20 வரை இறங்குபவை இருக்கின்றன. 26இல் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இரண்டு விநாடிக்கு மேல் இடைவெளி. முதலில் தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி, ஏனென்றால் நடுவில் இருக்கும் நேரத்தை நீங்களே சுமக்க வேண்டும். இது பழகியதும் மெட்ரோனோமை மூடிவிடலாம். ஷோப்பன் மெட்ரோனோமை வெறுத்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அவர் பியானோவைவிட்டு நகர்ந்ததே இல்லை என்று அவருடைய மாணவர் கரோல் மிகுலி எழுதியிருக்கிறார்.

அப்புறம் பதிவு. ஒரே உட்காரலில் 46, 54, 62 என்று மூன்று விதமாக வாசித்துக் கைபேசியில் பதியுங்கள். கோப்புகளுக்கு எண் பெயர் வைக்காதீர்கள். அன்றைக்கே கேட்கவும் வேண்டாம். வாசித்த சூட்டில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போதோ துணி மடிக்கும்போதோ ஓடவிடுங்கள். எந்தப் பதிவில் கை வேலையை நிறுத்தியதோ அதைக் கவனியுங்கள். எதில் கவனம் ஏழாவது பாரிலேயே போய்விட்டதோ அதையும்தான்.

பெரிய கலைஞர்களின் பதிவுகளை இந்தக் கட்டம் முடிந்த பிறகு கேளுங்கள். முன்னாலேயே கேட்டால் அவர்களுடைய டெம்போவை அவர்களுடைய பியானோ இல்லாமல் கடன் வாங்கிவிடுவீர்கள்.

7. ரூபாட்டோ, கொஞ்சம் கவனமாக

டெம்போ நிலைத்தபிறகுதான் ரூபாட்டோ, அதாவது நேரத்தைக் கொஞ்சம் இழுத்தும் முந்தியும் வாசிப்பது. இடது கைதான் இசைக்குழுவை நடத்துகிறவர் என்று ஷோப்பன் சொல்வதுண்டு என்று அவரிடம் பாடம் கேட்ட வில்ஹெல்ம் ஃபான் லென்ஸ் எழுதிவைத்தார். இந்தப் பிரிலூடுக்கு அதைவிடப் பொருத்தமான அறிவுரை இல்லை. க்வேவர்கள் அமைதியாகப் போய்க்கொண்டிருக்க, மெட்டு கொஞ்சம் தயங்கலாம், கொஞ்சம் முந்தலாம். இரண்டு கையும் சேர்ந்து தயங்கினால் அதற்குப் பெயர் வேறு, டெம்போ விழுந்துவிட்டது.

நான் பார்த்தவரை எல்லோரும் விழுகிற குழி 12ஆவது பார். முதல் பாதி அங்கே முடிந்து, மெட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அங்கே ஒரு பெரிய நிறுத்தம் வைத்தால், 23இல் உள்ள மௌனத்துக்கு வைத்திருந்த காசைப் பாதி வழியிலேயே செலவழித்த மாதிரி. கொஞ்சம் தளர்ந்து உடனே எழுந்து நடங்கள். தொடங்கிய வேகமும் 13ஆவது பார் வேகமும் ஒன்றா என்று பதிவை வைத்துச் சரிபாருங்கள். என்னுடையது முதலில் ஒன்றாக இல்லவே இல்லை. ஒவ்வொரு தரமும் இரண்டாம் பாதி நாலைந்து எண் இறங்கியிருந்தது.

8. அறையும் அன்றைய நாளும்

ஒரு தரம் ஒரு சின்ன நிகழ்ச்சியில் இதை வாசித்தேன். கிராண்ட் பியானோ, உயரமான கூரை, எதிரொலி தாராளம். வீட்டில் 58க்குப் பழகியிருந்தேன். அங்கே 58இல் கார்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. நான் சுதாரித்துக் கொஞ்சம் இறங்கியபோது நாலாவது பார் வந்துவிட்டது. இப்போதெல்லாம் புது இடத்தில் உட்கார்ந்ததும் முதலில் அந்த 'பி'யை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிடுகிறேன், ஒத்திகை நேரத்தில். எதிரொலி அதிகமென்றால் ஓரிரண்டு எண் இறங்கும். மெத்தை, திரைச்சீலை நிறைந்த வறண்ட அறை என்றால் ஏறும்.

மேடையில் தொடங்குவதற்கு முன் முதல் பாரை மனசில் ஓட்டாதீர்கள், பதற்றம் அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கும். 16ஆவது பாரை ஓட்டுங்கள், ஸ்ட்ரெட்டோ எந்த வேகத்தில் வர வேண்டும் என்று. அங்கிருந்து ஒரு மூச்சு பின்னால் வந்து கையை வையுங்கள்.

இதே முறையை மற்றவற்றுக்கும் பொருத்தலாம். பேத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதியிலும் அதே கோடு போட்ட தாளக்குறி இருக்கிறது, அதையும் பலர் பார்ப்பதில்லை. சாத்தியின் முதல் ஜிம்னோபெடி 'மெதுவாக, வேதனையோடு' என்று சொல்கிறது, ஆனால் அதில் இடது கை ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும். ஊஞ்சல் நின்றால் வேதனையும் நின்றுவிடும். சைகோவ்ஸ்கியின் 'அக்டோபர்' துயரத்தோடு சேர்த்து 'நன்றாகப் பாடும்படி' என்றும் கேட்கிறது, அதனால் அங்கே நேராக நாலாவது படியிலிருந்து தொடங்கலாம்.

நான் சொன்னதற்கு எதிர்சாட்சியும் உண்டு. ஷூபர்ட்டின் கடைசி பி ஃபிளாட் சொனாட்டாவின் முதல் பகுதியைப் பியானோ கலைஞர் ரிக்டர் சுமார் 24 நிமிடத்துக்கு வாசித்திருக்கிறார். மற்றவர்களைவிட நிமிடக் கணக்கில் அதிகம். ஒரு இடத்திலும் இழை அறவில்லை. அவருடைய பியானோவும் அவருடைய இடது கையும் அதைத் தாங்கின. என்னுடையவை 50க்குக் கீழே தாங்குவதில்லை, நான் அங்கே போவதில்லை.

முடிவான எண் கிடைத்ததும் தாளின் மூலையில் பென்சிலில் எழுதுங்கள், பக்கத்தில் தேதியும் எந்தப் பியானோ என்பதும். பேனா வேண்டாம். என் தாளில் 40 அடித்திருக்கிறது, 63 அடித்திருக்கிறது, 58 இருக்கிறது, அதன் கீழே 'கிராண்ட் – 52' என்று இருக்கிறது. போன மாதம் அப்ரைட்டைச் சரிசெய்து ட்யூன் பண்ணினார்கள், 'பி' இப்போது முன்னைவிட நன்றாக நிற்கிறது. 58ஐ மறுபடி அழிக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.